காலை ஆறரை மணியின் தேகப்பயிற்சி

தேகப்பயிற்சி முறைகள் உலகில் எத்தனையோ இருக்க, ஜப்பானிய வயோதிகர்களில் பலர் அதிகாலையில் பூங்காக்களில் கூடி, வானொலியில் ஒலிக்கும் பியானோ இசைக்கு இணங்கக் கைகால்களை அசைக்கும் ‘ராஜியோ தாய்சோ’ என்னும் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்து வருவதன் காரணம், வைத்திய சாஸ்திரத்தில் இருப்பதைக் காட்டிலும் அப்பயிற்சியின் சரித்திரத்திலேயே மிகுதியாக இருக்கிறது.

அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1925-இல் தொடங்கிய வானொலிப் பயிற்சியைக் கண்டு, ஏழை எளியவர்க்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் வழங்கிவந்த ஜப்பானியத் தபால் இலாகா, சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோவின் பட்டாபிஷேகத்தை முன்னிட்டு 1928 நவம்பர் 1-ஆம் தேதி இதனை ஆரம்பித்தது. யுத்த காலத்தில் அரசாங்கம் இதை ஜனங்களை ஒரே அணியில் நிறுத்தும் கருவியாக்கிக்கொண்டது. தோல்விக்குப் பின், அந்த ராணுவ வாசனை காரணமாகவே 1947-இல் இது நின்றுபோயிற்று. ஆயினும், 1951-இல் புதிய அசைவுகளோடு மறுபிறவி எடுத்த பயிற்சிதான் இன்றளவும் மாறாமல் காலை ஆறரை மணிக்கு ஒலிபரப்பாகிறது.

கோடை விடுமுறையில் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடிவந்து, வந்த நாளுக்கு ஒரு முத்திரை பெற்றுச் சென்ற சிறுவர்கள்தாம் பின்னாளில் எழுபது வயதைக் கடந்தவர்களாக அதே இசைக்குக் கை தூக்குகிறார்கள். புதிதாக ஒன்றைக் கற்கும் கூச்சமோ, தவறிவிடுமோ என்னும் அச்சமோ அவர்களுக்கு இல்லை. இதுவே தலையாய காரணம் என்பது என் துணிபு. அன்றியும், பதின்மூன்று அசைவுகளும் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலான நேரத்தில் முடிந்துவிடுகின்றன. உபகரணமோ கட்டணமோ வேண்டுவதில்லை. தரையில் படுத்தெழும் சிரமமும் இல்லை. தோளும் இடுப்பும் முழங்காலும் முறையே வளைந்து நிமிர்ந்தபின், பதினோராவதாக வரும் குதித்தலுக்கு மூட்டுகள் இடங்கொடாதவர்கள் அதனை மட்டும் மெல்லச் செய்து மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். தனிமை மிகுந்த முதுமையில், தினந்தோறும் ஒரே வேளையில் அண்டை அயலாரைக் காண்பது, தசைகளுக்குக் கிடைக்கும் நன்மைக்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

நிற்கவும் இயலாதவர்கள் இந்தக் கூட்டத்திலிருந்து விலக நேர்வதுதான் நெடுங்காலம் இருந்த குறை. ஐக்கிய நாடுகள் சபை முதியோர் ஆண்டாக அறிவித்த 1999-இல், நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யத்தக்க ‘மின்னா நோ தாய்சோ’ என்னும் பயிற்சி அவர்களையும் எண்ணியே அமைக்கப்பட்டது.