கூலி எண்ணும் மகளின் பெயரும்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் கிளம்பி, நவம்பர் 16-இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். அப்போது இங்கே துறைமுகம் ஏது? மசூலாப் படகில் அலை தாண்டிக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போன நம்ம சனம்.

அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கூலி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. சாதிக் கட்டத்தில் ‘பறையர்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக வெள்ளைக்காரன் எழுதிய கணக்கு இது. ஆனால் ஊர்ப் பட்டாவிலும் கோயில் கல்வெட்டிலும் நம் பாட்டிகளின் பெயர் எங்கே இருக்கிறது? சேரிப் பெண்ணைத் தகப்பன் பெயரோடும் ஊரோடும் எழுதிவைத்தது இந்தப் பாழாய்ப்போன பட்டியல்தான். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். ஆகவே எழுத்தைப் பார்க்காதே, உச்சரித்துப் பார்.

அங்கேயே பிறந்த மகள் கப்பல் பட்டியலில் இருக்கமாட்டாள். அவளைத் தேடத் தாய் தகப்பனின் கூலி எண்ணைப் பிடிக்கவேண்டும். அப்புறம் கல்யாணப் பதிவு, சாவுப் பதிவு. நடுவில் இன்னொன்று உண்டு: வரி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி கூலியாகவும் சேராமல் தங்குகிறவர் வருஷம் 3 பவுன் கட்டவேண்டும் என்று 1895-இல் சட்டம் போட்டார்கள். 1903-இல் அதைப் பிள்ளைகள் தலையிலும் ஏற்றினார்கள். மகனுக்கு 16 வயசு, மகளுக்கு 13. தோட்டத்துக் கூலிக்கு முதல் வருஷச் சம்பளம் மாசம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் ஆறு மாச உழைப்பு. பெண்ணுக்குச் சம்பளம் அதிலும் பாதி. 13 வயசுப் பிள்ளை எங்கே போய்ச் சம்பாதிப்பாள் என்று சட்டம் கேட்கவில்லை.

1913 போராட்டத்தில் இந்த வரியும் ஒரு காரணம். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலையை நிறுத்தச் சொல்லிக் கூலிகளிடம் பேசப்போனவர்களில் தமிழ்ப் பெண்கள் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் வியாபாரி மகளாகப் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறை போய், காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தாள். அவள் பெயர் நமக்குத் தெரியும், தெரியவேண்டியதுதான். அந்த வருஷமே வரி ஒழிந்தது. வரி கட்டின, கட்டமுடியாமல் மாட்டின கூலி மகள்களின் பெயர்களையும் எழுதி எடுக்கவேண்டும்.

எண்ணூர்ப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியில் கப்பல் சீட்டும் அகதிக் காகிதமும் கிடக்கலாம். செல்லரிப்பதற்குள் கேட்டு வாங்கிப் பாருங்கள் தோழர்களே. குடும்பத் தலைவர் பெயரோடு நிற்காமல், கீழே ‘மகள்’ என்று இருக்கும் வரியையும் எழுதிக்கொள்ளுங்கள்.