திருவனந்தபுரத்து ஆயுர்வேதப் பாடசாலை

நாட்டு வைத்தியம் என்றவுடன் நம்மிற் பலருக்கும் நினைவில் எழுவன வீட்டுத் திண்ணையும், ஓலைச் சுவடியும், முதிய வைத்தியரும் ஆகும். வகுப்பறை, தேர்வு, பட்டம் ஆகியவற்றோடு அதனை இணைத்துப் பார்ப்பவர் சிலரே. ஆயினும், தமிழகத்தின் எல்லையை அடுத்துள்ள திருவனந்தபுரத்தில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டு வைத்தியம் அரசின் கல்விக்கூடத்தில் கற்பிக்கப்பட்டு வருகிறது. அக்கல்விக்கூடத்தின் வரலாறு, ஒரு கலை குடும்பத்தின் உடைமையாக இருந்து பொதுச் சொத்தாக மாறிய வரலாறாகும்.

திருவிதாங்கூரை 1885 முதல் 1924 வரை ஆண்டவர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா. அவரது ஆட்சியில், 1889ஆம் ஆண்டு, ஆயுர்வேதப் பாடசாலை தொடங்கப் பெற்றது. திருவனந்தபுரத்தில் சமஸ்கிருதக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டில்தான். மேனாட்டு மருத்துவம் அறியாத நாட்டில் எழுந்த முயற்சி அன்று இது. 1813இலேயே அம்மை குத்தும் பணி திருவிதாங்கூரில் தொடங்கிவிட்டது. 1865இல் தலைநகரில் பொது மருத்துவமனையும் அமைந்துவிட்டது. புதியதை வரவேற்ற அதே அரசு பழையதையும் பேணுதற்குப் பள்ளி அமைத்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அதற்கு முன்னர் வைத்தியக் கல்வி எவ்வாறு நடைபெற்றது? கேரளத்தில் அஷ்டவைத்தியர் எனப் பெயர் பெற்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இக்கலையைக் காத்து வந்தன. மாணவன் ஆசானின் இல்லத்தில் தங்கி, வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயத்தை மனப்பாடம் செய்வான். ஆசான் நாடி பார்க்கும்போதும் மருந்து கூட்டும்போதும் அருகிருந்து காண்பான். மூலிகை அறிவோ ஒரு குலத்தாருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சேறிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலுக்குச் செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தோருள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர்.

குருகுலக் கல்வியில் நெருக்கமும் ஆழமும் இருந்தன. ஆனால் ஆசான் மனம் வைத்தாலன்றிக் கலை வெளிவராது. பாடசாலையின் வரவு இந்நிலையை மாற்றியது. பாடம் வரையறுக்கப்பட்டது, கற்றவன் தேறினானா என்பதை அளந்து கூறத் தேர்வு வந்தது, தேறியவனை அரசு அறிந்துகொள்ள வழி பிறந்தது.

நாளடைவில் பாடசாலை கல்லூரியாக வளர்ந்தது. தலைமைச் செயலகத்திற்கு அணித்தே மகாத்மா காந்தி சாலையில் அது நிற்கிறது. அவ்வழியே செல்லும் பேருந்துகளில் ‘ஆயுர்வேதா காலேஜ்’ என்பதே நிறுத்தத்தின் பெயர். பூஜப்புரையிலும் அதனைச் சார்ந்த மருத்துவமனைகள் உள.

இன்று அங்குப் பயிலும் மாணாக்கரின் வாழ்வு இரண்டு உலகங்களைத் தழுவியது. நான்கரை ஆண்டுகள் படிப்பு; அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. ஒருபுறம், ஆறு பகுதிகளும் நூற்றிருபது அத்தியாயங்களும் கொண்ட அஷ்டாங்க ஹிருதயத்தின் சுலோகங்கள்; மறுபுறம், உடற்கூறும் உடலியங்கியலும். ஒரே நாளில் சமஸ்கிருதத்தில் சூத்திரத்தை ஓதி, ஆங்கிலத்தில் எலும்பின் பெயரைக் கற்று, மலையாளத்தில் நோயாளியின் குறையைக் கேட்டறிய வேண்டும். உடம்பில் நூற்றேழு மர்மங்கள் உள்ளன என நூல் கூறும்; அவை எங்கெங்கு அமைந்துள்ளன என்பதை விரல் அறிய வேண்டும். பிழிச்சில், தாரை, ஞவரக்கிழி போன்ற சிகிச்சைகளை ஏட்டைப் பார்த்து மட்டும் கற்றல் இயலாது. எண்ணெயின் சூடும் கையின் அழுத்தமும் பழக்கத்தாலேயே வருவன.

கையின் திறமையைக் கல்லூரிப் பாடமாக்கும் சிக்கல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பார், எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்து நோய் தீர்க்கலாம் எனக் கருதி, மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1892இல் ‘ஆஸ்டியோபதி’ப் பள்ளி ஒன்றை நிறுவினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்ந்து பயின்றனர். நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கப்பட்ட அம்முறையினர், நவீன மருத்துவப் பாடங்களையும் ஏற்று, இன்று அந்நாட்டில் ஏனைய மருத்துவரை ஒத்த உரிமையோடு தொழில் புரிகின்றனர். திருவனந்தபுரத்துப் பள்ளி அதற்கு மூன்று ஆண்டுகள் மூத்தது.

இவ்வரலாற்றில் தமிழர்க்கு உரிய பகுதி ஒன்றுண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ்த் தாலுகாக்கள் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. அங்குச் சித்த வைத்தியமும், ‘ஆசான்’ என மக்கள் அழைக்கும் வர்ம வைத்தியர்களின் எலும்பு முறிவுக் கட்டும் தடவுமுறையும் செழித்திருந்தன. அரசின் பாடசாலை ஆயுர்வேதத்திற்கு வாய்த்தது. ஆசான்களின் கலையோ வீட்டிலும் களரியிலும் சுவடியிலுமே பெரிதும் தங்கியது. 1953ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டம் சித்தத்தையும் நாட்டு வைத்திய முறைகளுள் ஒன்றாகக் கொண்டது. 1956 நவம்பர் முதல் நாளன்று அந்நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல்தான் தோன்றியது. 1889க்கும் 1964க்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகள். வாரிசின்றி மறைந்த ஆசான் தன்னோடு கொண்டு சென்றதை எந்தக் கல்லூரியாலும் மீட்டுத் தர இயலாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், தத்தம் இல்லத்துப் பரணில் கிடக்கும் சுவடிகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம். அவற்றின் பயனை ஆராய்ந்து தெளிவது கற்றறிந்தோர் கடமை. அவர்கள் கைக்கு எட்டும்வரை கரையானுக்கு இரையாகாமற் காப்பது நம் கடமை.