விமானம் ஓட்டிய மெக்கானிக்



தலைக்கு மேலே விமானம் போனால் விளையாட்டை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்காத பிள்ளை உண்டா? அதை ஓட்டுகிறவர்கள் பெரிய இடத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. அந்த வழக்கத்தைத் தாண்டி மேலே வந்தவர் ஜேம்ஸ் மெக்கடன்.

இவர் 1895 மார்ச் 28-இல் கெண்ட் வட்டாரத்தில் உள்ள ஜில்லிங்ஹம் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் இராணுவத்தில் சார்ஜண்ட் மேஜர். ஜேம்ஸ் 15 வயதில் இராணுவத்தில் பியூகல் ஊதும் பையனாகச் சேர்ந்தார். 1913-இல், புதிதாகத் தொடங்கியிருந்த விமானப் படைக்கு மெக்கானிக்காக மாறினார். வந்த புதிதில் ஒரு விமானத்தின் விசிறியைச் சுற்றப் போக, இஞ்சின் பிடித்துக்கொண்டு விமானம் தானாக ஓடிச் சேதமாகிவிட்டது! தண்டனையும் கிடைத்தது. 'இது நமக்குச் சரிப்படாது' என்று ஒதுங்கினாரா? இல்லை. இஞ்சினை இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டார்.

1914-இல் போர் மூண்டதும் பிரான்சுக்குப் போனார். அக்கால விமானம் மரச்சட்டமும் துணியும்தான். 1915-இல் அண்ணன் வில்லியம் விமான விபத்தில் மாண்டார். அப்படியும் தம்பி பின்வாங்கவில்லை. 1916-இல் விமானமோட்டியானார், 1917-இல் அதிகாரியானார்.

எதிரியின் வேவு விமானங்கள் 20,000 அடி உயரத்தில் பறந்து படம் பிடிக்கும். அவ்வளவு உயரம் ஏறுவது லேசான காரியமா? மூச்சு முட்டும், குளிர் உடம்பைக் குத்தும். மெக்கடன் தன் விமானத்தின் இஞ்சினையும் துப்பாக்கியையும் தாமே கவனித்துச் சீர் செய்து, அந்த உயரத்துக்கு ஏறிக் காத்திருந்தார். மொத்தம் 57 வெற்றிகள் அவர் கணக்கில் உள்ளன. 1918 ஏப்ரலில் விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. 15 வயதில் பட்டாளத்துக்குப் போன அந்தப் பையன் தன் அனுபவங்களை ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

ஆனால் அந்தக் குடும்பம் கொடுத்த விலை என்ன? 1918 மார்ச்சில் தம்பி ஜான் போரில் மடிந்தார். ஜூலை 9-இல், புதிய படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்கப் போகும் வழியில், பிரான்சில் தரையிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் ஜேம்ஸின் விமானம் விழுந்தது. இஞ்சினை அவ்வளவு அறிந்தவரின் உயிர் எதிரியின் குண்டால் போகவில்லை, விபத்தில் போனது. வயது 23. ஒரு தாய் மூன்று மகன்களைப் பறிகொடுத்தாள். அவர் வீழ்த்திய விமானங்களில் இருந்தவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள் அல்லவா?

மாணவர்களே, போரை விரும்பாதீர்கள். ஆனால் கையில் எண்ணெய்க் கறை படுவதைக் கேவலமாக நினைக்காதீர்கள். செய்கிற வேலையை அடியிலிருந்து கற்றவனுக்கு மேலே ஏற வழி பிறக்கும். பெற்றோர்களே, இஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையை உடனே அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எப்படி ஓடுது?' என்று கேளுங்கள்.