இன்றியமையாத பணி: ஒரு சொல்லின் சட்ட வரலாறு

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. தோளோடு தோள் இடிபடாமல் நடக்க முடியாத தியாகராய நகர் ரங்கநாதன் தெரு ஆளரவமற்றுக் கிடந்தது. மயிலாப்பூர் மாட வீதிகள் வெறிச்சோடின. அடையாற்றில் பேருந்துகள் ஓடவில்லை. ஆயினும் விடியற்காலையில் பால் வந்தது. குப்பை வண்டி வந்தது. செவிலியர் மருத்துவமனைக்குச் சென்றனர். நாற்சந்திகளில் காவலர் நின்றனர். சில வாரங்களில், கிருமிநாசினி தெளிக்கவும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டவர்களைக் கணக்கெடுக்கவும் மேலும் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினர்.

"வீட்டில் இரு" என்ற ஆணையிலிருந்து இவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அவர்கள் செய்வது இன்றியமையாத பணி என்பதே காரணம். இந்த விலக்கைச் சலுகை என்று கூற முடியுமா? மற்றவர் வீட்டிலிருக்க, இவர் வெளியே வந்தே ஆகவேண்டும் என்பதுதான் அதன் உண்மைப் பொருள். அவ்வாறு வந்தவருக்கு நோய் தொற்றினால், அல்லது அவர் இறந்துபோனால், சட்டம் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் என்ன அளிக்கிறது? இவ்வினாவுக்கு விடை காண நாம் நூறாண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1897ஆம் ஆண்டுச் சட்டம்

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மக்கள் நகரை விட்டு ஓடினர். கழிவுகளை அகற்றும் தொழிலாளரும் ஓடிவிட்டால் நகரமே வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று நகராட்சி அதிகாரிகள் அஞ்சினர். அந்நாளில் அவர்களைக் காட்டிலும் இன்றியமையாதவர் அந்நகரில் எவரும் இல்லை எனலாம்.

அந்தப் பிளேக்கின் விளைவாக 1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. நோயைத் தடுக்க எந்த நடவடிக்கையும் எடுக்க அரசுக்கு அது அதிகாரம் தந்தது. ஆணையை மீறுவோர்க்குத் தண்டனை விதித்தது. நான்காம் பிரிவு ஒரு பாதுகாப்பையும் அளித்தது. இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செயல்பட்டவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பதே அது. அதாவது, பணிபுரிந்தவர் வழக்கிலிருந்து காக்கப்பட்டார்; நோயிலிருந்து காப்பதைப் பற்றியோ, இறந்தால் குடும்பத்துக்கு உதவுவதைப் பற்றியோ அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. 123 ஆண்டுகளுக்குப் பிறகு, கொரோனாவை எதிர்கொள்ள மாநில அரசுகள் கையில் எடுத்த சட்டங்களுள் இதுவும் ஒன்று.

போகக் கூடாது என்ற சட்டங்கள்

"இன்றியமையாத பணி" என்ற தொடர் நம் சட்டங்களில் நிலைபெற்றது இரண்டாம் உலகப் போரின்போது. 1941இல் பிறப்பிக்கப்பட்ட இன்றியமையாப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம், அத்தகைய பணியிலிருப்பவர் தக்க காரணமின்றி வேலையை விட்டு விலகுவதைக் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின் 1968இலும் 1981இலும் மைய அரசு இதே பெயரில் சட்டங்கள் இயற்றியது. தமிழ்நாடு 2002இல் தனக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2003 ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, இச்சட்டத்தையும் அதற்குச் செய்த அவசரத் திருத்தத்தையும் கொண்டு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் தீர்ப்பளித்தது.

ஒருவரது பணி இன்றியமையாதது என்பதைச் சட்டம் முதலில் அவரைக் கட்டி நிறுத்தவே பயன்படுத்தியது. அதே காரணத்துக்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற கருத்து வேறொரு சட்டத்தில், வேறொரு வழியில் வளர்ந்தது.

நோயும் ஒரு விபத்தே

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் அது. இயந்திரத்தில் சிக்கிக் கையிழந்தவருக்கு முதலாளி ஈடு தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. அதில் சில நோய்களும் விபத்தாகக் கருதப்பட்டன. தொடக்கத்தில் இடம்பெற்றவை மூன்றே: ஈய நஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு, அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ். முதலிரண்டும் வேதிப்பொருளால் வருபவை. மூன்றாவது நுண்ணுயிரியால் வருவது. கம்பளி, உரோமம், தோல் ஆகியவற்றைக் கையாளுவோரை அது தாக்கும். சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிட்டோருக்கு இவ்விதி அயலானதன்று.

தொற்றுநோய் ஒன்றைத் தொழிற்காயம் என்று ஏற்றது பெரிய மாற்றம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 121ஆம் உடன்படிக்கையின் பட்டியலிலும், தொற்றும் அபாயம் மிகுந்த தொழிலில் பெறும் தொற்றுநோய்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. நம் நாட்டிலும் 1984ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றாம் அட்டவணையை மாற்றியமைத்தது. அதன் முதல் வரிசையில் தொற்றுநோய்கள் உள்ளன. மருத்துவப் பணி, ஆய்வுக்கூடப் பணி, கால்நடை மருத்துவப் பணி, "தொற்றும் அபாயம் மிகுந்த பிற பணி" ஆகியவை அங்கே குறிக்கப்பட்டுள்ளன. கிண்டியில் 1899இல் அம்மைப்பால் தயாரிப்பதற்காகத் தோன்றிய கிங் நிலையம், 2020இல் கொரோனா மாதிரிகளைச் சோதித்தது. அங்குப் பணிபுரிபவருக்கு இந்த அட்டவணை நேரே பொருந்தும். நோயாளி வீட்டுக் குப்பையை அள்ளுபவர் "பிற பணி" என்னும் தலைப்பின் கீழ் வரக்கூடியவர்.

முகவரியற்ற கிருமி

இங்கு ஒரு வினா எழலாம். மயிலாப்பூர்க் குளக்கரையில் தெருக்கூட்டும் ஒருவருக்குக் கொரோனா தொற்றியது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது குப்பையள்ளும்போது வந்ததா? ரேஷன் கடை வரிசையில் வந்ததா? வீட்டில் மகனிடமிருந்து வந்ததா? நோய்க்காப்புக் காலம் சராசரி 5 நாள்; 14 நாள் வரையும் நீளலாம். அதற்குள் அவர் நூறு பேரைக் கடந்திருப்பார். உடைந்த கையைக் காட்டி இயந்திரத்தைச் சுட்டலாம். நச்சுயிரியோ முகவரி எழுதிக்கொண்டு வருவதில்லை.

சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. அபாயம் மிகுந்த அத்தொழிலில் இருப்பவருக்கு அட்டவணையின் முதற்பகுதியில் உள்ள நோய் வந்தால், அது தொழிலால் வந்ததென்றே கொள்ளவேண்டும். இல்லையென்றால் அதை முதலாளி மெய்ப்பிக்கவேண்டும். மெய்ப்பிக்கும் சுமை நலிந்தவர் தோளிலிருந்து வலியவர் தோளுக்கு மாற்றப்பட்டது. ஒரு தனி மனிதருக்கு எங்கே தொற்றியது என்று அறிவியலால் பெரும்பாலும் சொல்ல முடியாது. எந்தத் தொழிலில் அபாயம் மிகுதி என்று சொல்ல முடியும். அந்த அறிவே இவ்விதிக்கு அடிப்படை.

ஈட்டுத்தொகைக்கும் கணக்கு உண்டு. இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கவேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்கில் கொள்ளும் ஊதிய உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே, 15,000 ரூபாய் பெற்ற 40 வயதினர் இறந்தால், 7,500ஐ 184.17ஆல் பெருக்கி 13,81,275 ரூபாய் தரவேண்டும். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளோருக்கு இதற்கு மாற்றாக வேறு உதவி உண்டு. கொரோனாவால் இறந்த காப்பீட்டாளரின் குடும்பத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காட்டை மாதந்தோறும் தரும் திட்டம் 2021இல் வந்தது. இவை யாருடைய கருணையையும் எதிர்பாராத உரிமைகள்.

2020 ஏப்ரல்

சட்டத்தின் பழைய முகத்தை மாற்றிய நிகழ்ச்சிகளுள் ஒன்று சென்னையிலேயே நடந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் 2020 ஏப்ரல் 19ஆம் நாள் கொரோனாவால் இறந்தார். அடக்கம் செய்யச் சென்றவர்களை அண்ணா நகர் வேலங்காடு இடுகாட்டில் ஒரு கூட்டம் தாக்கியது. அவருடைய சக மருத்துவர் நள்ளிரவில் திரும்பிச் சென்று, மண்வெட்டியும் கையுமாகத் தாமே குழியை மூட நேர்ந்தது. மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, கண்ணியமான அடக்கமும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது. உடலடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் வகையில், 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்கு ஏப்ரல் 26இல் தமிழக அரசு அவசரத் திருத்தம் கொண்டுவந்தது.

நாட்டின் பிற பகுதிகளிலும் மருத்துவப் பணியாளர் தாக்கப்பட்டு வந்தனர். ஏப்ரல் 22ஆம் நாள் மைய அரசு 1897ஆம் ஆண்டுச் சட்டத்தை அவசரமாகத் திருத்தியது. தாக்குவோருக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் விளைவித்தால் 7 ஆண்டு வரை. புலனாய்வு 30 நாளில் முடியவேண்டும். மருத்துவர், செவிலியர், சமுதாய நலப் பணியாளர் ஆகியோருடன், நோய்த்தடுப்புக்கு அதிகாரம் பெற்ற பிறரும், மாநில அரசு அறிவிக்கும் பிறரும் இதில் அடங்குவர். செப்டம்பரில் இது முழுச் சட்டமாயிற்று. 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு ஒன்றும் மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. மருத்துவமனைத் துப்புரவாளரும் ஒப்பந்தப் பணியாளரும் அதில் சேர்க்கப்பட்டனர்.

தமிழக அரசும், கொரோனாப் பணியில் இறப்போர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் என்று ஏப்ரலில் அறிவித்தது. பின்னர் வழங்கப்பட்ட தொகை 25 லட்சம். அறிவிப்புக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். அறிவிப்பு பெரிதாக இருக்கலாம், பிறகு குறையலாம். அட்டவணையில் எழுதிய உரிமை சிறிதாயினும் அதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம்.

யாருடைய தொழிலாளி?

உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்திலும், தியாகராய நகர் கோடம்பாக்கம் மண்டலத்திலும் அடங்குவன. இவ்விரண்டிலும் அடையாறு மண்டலத்திலும் குப்பை அகற்றும் பணி 2020 அக்டோபரில், கொரோனாவின் நடுவிலேயே, தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. தெருவும் குப்பையும் மாறவில்லை; முதலாளி மாறினார். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களுக்கும் இம்முறை வந்தபோது, தூய்மைப் பணியாளர் ரிப்பன் மாளிகை முன் இரண்டு வாரங்களுக்கு நெருங்கிய போராட்டம் நடத்தினர். ஆகஸ்டு 13 இரவு அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். மறுநாள், தொழில்சார் நோய்களுக்குச் சிகிச்சை, பணியில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் உள்ளிட்ட திட்டங்களைத் தமிழக அரசு அறிவித்தது.

ஒப்பந்தத் தொழிலாளியின் நோய்க்கு யார் பொறுப்பு? 1923ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் விடை வைத்திருந்தது. ஒப்பந்தக்காரர் வழியே வேலை வாங்கினாலும் முதன்மை முதலாளியே ஈடு தரவேண்டும் என்றது 12ஆம் பிரிவு. உள்ளாட்சியின் கடமைகளை அதன் தொழிலாகவே கருதவேண்டும் என்றது இரண்டாம் பிரிவு. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், மாநகராட்சிக்காகத் தெருவைக் கூட்டுபவர், சம்பளச் சீட்டில் யார் பெயர் இருந்தாலும், கைவிடப்பட்டவராகமாட்டார். 2025 நவம்பர் 21ஆம் நாள் முதல் இச்சட்டத்தின் இடத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஏற்றுள்ளது. தொழில்நோய் அட்டவணை அதிலும் உண்டு. அதே ஆண்டு ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, பணியிடத்து உயிரியல் அபாயங்களுக்கென்றே 192ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது.

ஆகவே நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. அது தன்னிடம் உண்டு என்று அறியாத தொழிலாளரே மிகுதி. 2020 மார்ச்சு 22 மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டி இவர்களுக்கு நன்றி கூறியது. நாளை இன்னொரு கொள்ளைநோய் வரலாம். அன்று, நம் வீட்டு வாசலுக்கு வரும் குப்பை வண்டிக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் உள்ளன: அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் உள்ளது? அவருக்கு இ.எஸ்.ஐ. எண் உண்டா? கையுறையும் முகக்கவசமும் யார் தருகிறார்கள்? இவற்றுக்கான விடையை நோய் வருமுன்னரே அறிந்து வைப்பது, தடுப்பூசியைப் போலவே, முன்கூட்டிச் செய்யவேண்டிய காரியமாகும்.