வானலையும் வாசற்படியும்

காரைக்குடியை அடுத்த புதுவயல், நெல் அரவை ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். அங்கே ஆலையில் உழைத்துக் களைத்த ஒருவர் மாலையில் வீடு திரும்பி வானொலிப் பெட்டியைத் திருகினால், அது அவர் பெட்டி, அவர் வீடு, அவர் ஓய்வு என்றுதான் எவரும் எண்ணுவர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை! அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்சு பெறாத பெட்டி குற்றப்பொருளாயிற்று. 1980களின் நடுப்பகுதியில்தான் அந்தக் கட்டணம் அடியோடு ஒழிந்தது.

இச்சட்டம் பிறந்த கதையை இளைஞர்கள் அறிதல் வேண்டும். தமிழகத்தில் வானொலியைத் தொடங்கியது அரசன்று, குடிமக்களே. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றி, ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமின்றி 1927இல் அது ஓய்ந்தது. 1930இல் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. பின்னர் வந்தது வெள்ளையர் அரசின் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். லைசென்சு இன்றிக் கருவி வைத்திருந்தாலே குற்றம். முதன்முறை நூறு ரூபாய் வரை அபராதம். அபராதம் கிடக்கட்டும், 7ஆம் பிரிவைப் பாருங்கள்! கருவி இருப்பதாக நம்பக் காரணமுண்டு என்று அதிகாரம் பெற்ற அலுவலர் கருதினால் போதும், எந்தக் கட்டடத்தையும் சோதனையிடலாம். நீதிபதியின் ஆணை வேண்டுமென்று அப்பிரிவு கேட்கவே இல்லை.

விதியே வேண்டாம் என்பாரல்லோம். ஒருவர் கருவி மற்றவர் ஒலியை விழுங்கினால், நடுக்கடலில் தவிக்கும் கப்பலின் அபயக்குரலும் கேளாமற்போகும். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றமும் உரைத்தது. தெருவுக்கு விதி வகுப்பது முறையே; ஆனால் தெருவைக் காப்பவர் அடுக்களைக்குள் நுழைவானேன்?

1942 ஆகஸ்டில் பம்பாயில் இரகசியக் காங்கிரஸ் வானொலியை நடத்திய உஷா மேத்தாவுக்கு அப்போது வயது 22. இடம் மாற்றி இடம் மாற்றி ஒலிபரப்பிய அவரைக் காவலர் நவம்பர் 12 அன்று பிடித்தனர். தண்டனை நான்காண்டுச் சிறை. காங்கிரசாரோடு நமக்குள்ள கருத்து மாறுபாடு ஊரறிந்தது. அதற்காக அம்மங்கையின் துணிவை மறைப்போமா? வியப்பு எதுவெனில், அதே காங்கிரசார் ஆளவந்த பின்னர், 1949இல், லைசென்சற்ற ஒலிபரப்புக் கருவிக்கு மூன்றாண்டு வரை சிறை என்று சட்டத்தை மேலும் இறுக்கினர்!

நீதிமன்றமேனும் வாசற்படியைக் காத்ததா? சோதனைக்கு எதிராக அந்தரங்க உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றனர் 1954இல் எட்டு நீதிபதிகள். 1962இல் கரக் சிங் வழக்கில், நள்ளிரவில் காவலர் வீடு புகுவது செல்லாதெனினும் அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றது பெரும்பான்மை. மறுத்துரைத்தவர், முன்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த சுப்பாராவ். அவர் பக்கமே நீதி என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகக் கூற 2017 ஆகஸ்டு 24 வரை நாடு காத்திருந்தது.

அத்தீர்ப்புக்குப் பின்னர், 2023இல், புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. அதன் 43ஆம் பிரிவைப் புரட்டினால் பழைய முகமே தெரிகிறது: அதிகாரம் பெற்ற அலுவலர், நம்பக் காரணம், கட்டடம், சோதனை, கைப்பற்றல். வண்டி வாகனங்களும் உடன் சேர்ந்துள்ளன. நீதிபதியை மட்டும் அப்பிரிவில் இன்றும் காணோம். 2024 ஜூன் 26 முதல் அது நடப்பில் உள்ளது.