கழுத்து எலும்பு நீளமா இருந்தா பக்கவாதம் வருமா? 'ஈகிள் சிண்ட்ரோம்' என்றால் என்ன?

காதுக்குக் கீழே, மண்டை ஓட்டிலிருந்து ஊசி மாதிரி இறங்கும் எலும்பு 'ஸ்டைலாய்டு'. வழக்கமாக இரண்டரை செ.மீ. இருக்கும்; 3 செ.மீ.யைத் தாண்டினால் நீளம் அதிகம். பலருக்கு இதனால் தொந்தரவே இருக்காது. 1937-ல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் பெயரே நோய்க்கும் வந்தது.

சிக்கல் எங்கே? மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இந்த எலும்பை ஒட்டியே செல்கிறது. கழுத்தைத் திருப்பும்போது எலும்பு முனை அழுத்தி, தமனியின் உள்சுவர் கிழியலாம். அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்தான். ரொம்ப அரிது. ஆனால் பிபி, சுகர் இல்லாத இளைஞருக்கும் வரலாம்.

சி.டி. ஆஞ்சியோவில் எலும்பு, தமனி இரண்டும் தெரிந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து, தேவைப்பட்டால் எலும்பைக் குறைக்கும் ஆபரேஷன் உண்டு.

திடீர் கழுத்துவலியோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ சுளுக்குன்னு தைலம் தேய்க்காதீங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க.