திருச்செந்தூரில் ஓர் இரவு: சத்திரமும் லாட்ஜும்

பள்ளி விடுமுறை விட்டதும் தென்மாவட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டும் ஊர்களில் திருச்செந்தூரும் ஒன்று. தூத்துக்குடியிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் கடல் குளியல், நாழிக்கிணறு, வரிசையில் நின்று தரிசனம், வள்ளி குகை, சின்னவனுக்கு மொட்டை என்று போட்டால் ஒரு பகலுக்குள் முடிகிற ஊர் அல்ல. ஒரு ராத்திரி தங்கியாக வேண்டும். இன்று அதற்கு லாட்ஜ் இருக்கிறது. அந்தக் காலத்தில் சத்திரம் இருந்தது, யாரும் காசு கேட்கவில்லை, சோறும் போட்டார்கள், இப்போது எல்லாம் வியாபாரம் ஆகிவிட்டது என்ற ஆதங்கம் பெரியவர்கள் பேச்சில் அடிக்கடி வரும். அந்த ஆதங்கத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதிக்கு வரலாறு இடம் தரவில்லை. குறைந்த வாடகை லாட்ஜ் சாதாரணக் குடும்பத்துக்குக் கொடுத்த மரியாதையைச் சத்திரங்கள் எல்லோருக்கும் கொடுத்ததில்லை என்றே நான் கருதுகிறேன்.

சத்திரத்தின் பெருமையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரம் கட்டியதை இன்றும் நாடு பேசுகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. வணிகர்களும் ஜமீன்தார்களும் நிலம் எழுதி வைத்த சத்திரங்கள் பெருகின; 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கோயில்களோடு சேர்த்துச் சத்திரங்களின் மேற்பார்வையையும் கம்பெனி அரசு வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. அறம் பெரிதுதான். ஆனால் அந்த அறத்துக்கு வாசல் இருந்தது, வாசலில் கேள்வியும் இருந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த பிறகே இடம் எது, பந்தி எது என்று முடிவாகும். உள்ளே விடப்பட்டவர்களுக்குள்ளும் தனிச் சமையல், தனிப் பந்தி. கோயிலுக்குள்ளேயே விடாத மக்களுக்குக் கோயில் சத்திரத்தில் என்ன இடம் இருந்திருக்கும்? மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலையில். அதுவரை பட்டியல் சாதி மக்களும் நாடார்களும் பல பெரிய கோயில்களுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். கமுதி கோயிலுக்குள் நுழைய நாடார்களுக்கு உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1908-இல். ‘எல்லோருக்கும் இலவசம்’ என்ற பேச்சில் அந்த ‘எல்லோரும்’ யார் என்பதைக் கேட்காமல் சத்திரக் காலத்துக்காக ஏங்குவது சரியல்ல.

சத்திரத்தில் இடம் கிடைக்காதவர்கள் தமக்கென்று மண்டபம் கட்டிக்கொண்டார்கள். சாதிக்கொரு மண்டபம் கட்டிக்கொண்டது பிரிவினை மனப்பான்மையால்தானே, அதில் என்ன பெருமை என்று இங்கே ஒருவர் மறுக்கலாம். திருச்செந்தூரின் தெருக்களில் நடந்தால் ஒவ்வொரு சமூகத்தின் பெயரிலும் மடமும் மண்டபமும் தென்படும். இவற்றை ஒரே கணக்கில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சிவகாசி, விருதுநகர் வட்டாரத்து நாடார் வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிநெடுகப் பேட்டைகள் அமைத்தார்கள். சரக்கோடு வரும் மாட்டுவண்டிகள் ராத்திரி உள்ளே வந்துவிட்டால் சுற்றுச்சுவருக்குள் சரக்குக்கும் காவல், ஆளுக்கும் காவல். செலவுக்கு ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை என்று ஒரு சிறு தொகை பிடித்தார்கள். அந்த மகமைப் பழக்கம் பள்ளிக்கூடங்களாகவும் 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கியாகவும் வளர்ந்தது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது அதுதான். அடுத்தவன் திண்ணையில் இடமில்லை என்று ஆனபோது சொந்தத் திண்ணை கட்டிக்கொண்டது குற்றமா? ஆனாலும் விலக்கப்பட்டவர்கள் கட்டிய வீட்டுக்கும் தன் மக்களுக்கு மட்டும் என்ற விதி வந்துவிட்டது. மகமை பிடிக்க வணிகமும் இல்லாமல், கட்டிக்கொள்ள நிலமும் இல்லாமல் இருந்தவர்களுக்கு இந்த வழியும் அடைபட்டே கிடந்தது.

காசுக்குக் கூரை என்ற வழக்கம் இந்தக் கடற்கரைக்கு லாட்ஜோடு வந்ததல்ல. முத்துக்குளிப்பு அறிவித்தால் வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கையின் மரிச்சுக்கட்டியில், 1900-களின் முதற்பகுதியில் நடந்த முத்துக்குளிப்புகளில் ஓலைக் குடிசைகள் தெருத் தெருவாக நின்றன. ஆஸ்பத்திரி, கச்சேரி, போலீஸ், கடைவீதி எல்லாம் இருந்தன. 1906-இல் அங்கே வேலை பார்த்த இளம் அதிகாரிகளில் பிற்காலத்தில் எழுத்தாளரான லெனார்டு உல்ஃபும் ஒருவர். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், அரபியர், செட்டியார் வணிகர்கள் எல்லாரும் ஒரே மணலில், ஒரே சிப்பி நாற்றத்தில் வாழ்ந்தார்கள். காசும் லாபமும் சேர்த்து வைத்த கூட்டம் அது. கடைசித் தொடர் முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்தபோது அந்த ஓலை நகரங்களும் போயின. அதற்குள் ரயில் வேறொரு கூட்டத்தைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தது. தூத்துக்குடிக்கு ரயில் 1876-இல் வந்தது; திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதை 1923-இல் திறந்தது. கட்டுச்சோறு கட்டி மாட்டுவண்டியில் ஊரோடு கிளம்பியவர்கள் இனி டிக்கெட் எடுத்துத் தனிக் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அப்படி வருபவருக்கு ஊர்ப் பெரியவரின் கடிதமும் கிடையாது, மண்டபக் கணக்கப்பிள்ளையின் பழக்கமும் கிடையாது.

லாட்ஜ் அவர்களுக்காகவே பிறந்த இடம். வரவேற்பு மேசையில் விரித்திருக்கும் அந்த நீளப் பதிவேட்டைப் பாருங்கள்: பெயர், முகவரி, எங்கிருந்து வருகை, எத்தனை பேர், வண்டி எண், முன்பணம், கையெழுத்து. சாதிக்குக் கட்டம் இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றை ஒரே மூச்சில் சொல்லி, சாதி மதம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்றது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனை வைத்தது. இன்னொரு மாற்றத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. மண்டபம் என்பது ஒரே கூடம்; பெண்கள் சேலையைத் திரையாகக் கட்டி உடைமாற்றி, விடியுமுன் கிணற்றடிக்குப் போய் வந்தார்கள். ஒரு கட்டிலும் கூடுதலாக ஒரு பாயும் மட்டுமே உள்ள மலிவு அறையில்கூட உள்தாழ்ப்பாள் உண்டு, குளியலறை உண்டு. கடலில் நனைந்து உப்பும் மணலுமாக வரும் பெண்ணுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

சட்டம் இருந்தால் போதுமா, முகவரியைப் பார்த்தும் பெயரைப் பார்த்தும் ‘ரூம் இல்லை’ என்று சொல்வதில்லையா என்று கேட்டால், சொல்வது உண்டு. தனியாக வரும் பெண்ணுக்கும் அந்தப் பதில் கிடைக்கிறது. ஆனால் இன்று அது தவறு, கேள்வி கேட்க வழியும் உண்டு. சத்திரத்தில் அதுவே முறையாக இருந்தது. இதைவிடக் கனமான மறுப்பு காசு பற்றியது. கந்த சஷ்டிக்கும் வைகாசி விசாகத்துக்கும் வாடகை ஏறுகிற ஏற்றத்தில் சாதி கேட்காத அந்தப் பதிவேடு கூலிக் குடும்பத்தை வேறு வகையில் வெளியே நிறுத்திவிடுகிறது. சஷ்டியின் ஆறு நாளும் விரதம் இருப்பவர்கள் பந்தலில் படுக்கிறார்கள். பௌர்ணமி ராத்திரிகளில் குழந்தைகளோடு கடற்கரை மணலில் பாய் விரிப்பவர்கள் எல்லாருமே வேண்டுதலுக்காகப் படுப்பவர்கள் அல்லர். இதற்குப் பழைய சத்திரம் விடையாகாது. 2024-இல் கோயில் புதிதாகத் திறந்த பக்தர் விடுதி விடையின் ஒரு பகுதி: நிர்வாகமே வாடகையை நிர்ணயிக்கும்போது விழாவைச் சாக்காக வைத்து விலை ஏறத் தேவையில்லை. தனியார் லாட்ஜுகளின் விழாக்கால வாடகைக்கும் மாவட்ட நிர்வாகம் ஓர் உச்சவரம்பு வைத்து, வாசலில் எழுதிப்போடச் செய்யலாம். சமூக மண்டபங்களை நடத்தும் அறக்கட்டளைகளும் யோசிக்க வேண்டும். கல்யாணத்துக்கு வெளியாருக்கு வாடகைக்கு விடுகிற கூடத்தை, பூட்டிக் கிடக்கும் நாட்களில் ராத்திரி தங்க வரும் எந்தக் குடும்பத்துக்கும் சிறு தொகைக்குத் திறந்துவிடத் தடையாக இருப்பது பழைய வழக்கம் மட்டும்தான்.